அணை ஏறும், அணை இறங்கும்: நாகமரைக் கரையில் ஒரு புகைப்பட ஆவணத்தைத் தொடங்குவது எப்படி

தர்மபுரியில் மீனவர்களா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலே இல்லாத மாவட்டம், அதனால் கேட்பது நியாயம்தான். பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாக நாகமரைக்கோ ஒட்டனூருக்கோ ஒருமுறை போய்வந்தால் அந்தக் கேள்வி போய்விடும். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் தண்ணீர் பின்னோக்கித் தேங்கி, ஒகேனக்கல்லுக்குக் கீழே வரைக்கும் பரந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீரின் தர்மபுரிக் கரையில் வலையும் பரிசலுமாகப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பேருந்து அங்கே முடிந்துவிடும். எதிர்க்கரை சேலம் மாவட்டம். போக வேண்டுமானால் படகுதான்.

இப்படி ஓர் ஊரைப் புகைப்படத் தொடராக எடுக்க விரும்பும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமரா வாங்குவது எப்படி என்பதெல்லாம் இதில் பெரிதாக வராது. அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எந்தக் கரை?

முதல் வேலை இடத்தைத் தேர்ந்தெடுப்பது. இங்கே பலரும் ஒகேனக்கல்லுக்கு ஓடுவார்கள். அருவி, பரிசல், பொரித்த மீன், எண்ணெய்க் குளியல் எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பரிசல் ஓட்டிச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போவது வேறு தொழில், மீன் பிடிப்பது வேறு தொழில். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம், இருந்தாலும் கேமராவைக் கண்டதும் அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது சுற்றுலா முகம். செவ்வானத்தின் முன்னே பரிசலின் நிழலுருவம் ஏற்கெனவே எத்தனையோ காலண்டரில் தொங்குகிறது. நீங்களும் ஒன்று எடுத்து என்ன ஆகப்போகிறது?

கிருஷ்ணகிரி அணை இன்னொரு வாய்ப்பு. சாலையிலிருந்து எட்டும் தூரம், அணையை ஒட்டியே மீன் வறுவல் கடைகள். முழு நீர்மட்டம் 52 அடி. 2017இல் ஒரு மதகு உடைந்து தண்ணீர் வெளியேறியதை அந்தப் பக்கத்தில் எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். அந்த ஒரு நிகழ்வையும் அதன் பிறகான மீன்பிடியையும் வைத்தே ஒரு தொடர் செய்யலாம். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கதை மாசுபாட்டைப் பற்றியதாக மாறிவிடும், அதற்கு வேறு விதமான தயாரிப்பு வேண்டும்.

முதல் முயற்சிக்கு நான் நாகமரை, ஒட்டனூர் பக்கத்தைத்தான் சொல்வேன். காரணம் எளிது. அது ஆட்கள் கூடும் துறை. நாகமரையிலிருந்து எதிரே பண்ணவாடிக்கும், ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் மக்கள் தண்ணீரைக் கடந்து போகிறார்கள், வருகிறார்கள். பாலம் வேண்டும் என்பது இரு கரைக்காரர்களின் நெடுநாள் கோரிக்கை. கரையில் எப்போதும் யாராவது காத்திருப்பார்கள். காத்திருக்கிற மனிதர்களோடு பேச்சுக் கொடுப்பது சுலபம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். தூரத்து ஊர் என்பதற்காகவே ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திரும்பத் திரும்பப் போக முடிகிற ஊர்தான் உங்கள் ஊர். பேருந்துச் செலவு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ராத்திரி தங்க வேண்டியிருந்தால் எங்கே, இதெல்லாம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலை எடுப்பது விடிவதற்கு முன்னால். தர்மபுரியிலிருந்து காலைப் பேருந்து பிடித்து வந்தால் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேருவீர்கள்.

நீர்மட்டக் குறிப்பேடு

இந்தத் தொடருக்கு முதுகெலும்பு அணையின் நீர்மட்டம். ஒரு சாதாரண நோட்டு வாங்கி, மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு மூன்றையும் அன்றாடம் குறித்து வாருங்கள். செய்தித்தாளில் தினமும் வருகிறது. ஊருக்குப் போகாத நாளிலும் குறியுங்கள்.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அந்தக் கரையில் எல்லாமே அதை வைத்துத்தான் நடக்கிறது. முழு மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். தண்ணீர் போதவில்லையென்றால் திறப்பு தள்ளிப்போகும். இதற்கு நடுவில் தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் எப்படிப் பெய்கிறது, கர்நாடக அணைகள் எப்போது நிரம்புகின்றன என்பதைப் பொறுத்து தண்ணீர் வரும். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அதை அளக்கிறது. அந்த அளவு ஏறினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை வரும். அடுத்து நாகமரைக் கரையில் தண்ணீர் மேடேறும்.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே இருந்த நீர்மட்டம் அந்த மாதம் முடிவதற்குள் 120 அடியைத் தொட்டது. இரண்டே வாரத்தில் கரை என்பதே வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஒருவர் ஜூலை தொடக்கத்தில் வந்து படம் எடுத்திருந்தால் வெடித்த வண்டல் நிலம், நீளமாக நடந்து தண்ணீருக்குப் போகும் ஆட்கள், கரையோரக் கூடாரங்கள் என்று எடுத்திருப்பார். ஆகஸ்டில் வந்தவருக்குக் கிடைத்திருப்பது கடல் மாதிரி விரிந்த தண்ணீர். இரண்டுமே உண்மை. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இதுதான் இவர்கள் வாழ்க்கை என்று சொன்னால் பாதிக் கதை போய்விடும்.

தண்ணீர் இறங்கும்போது வெளியே வரும் நிலத்தில் ராகி, எள், கடலை என்று விதைப்பார்கள். வலைக்காரரே ஏர்க்காரராகவும் இருப்பார். மீன் பிடிப்பவர்களின் கூடாரங்கள் தண்ணீரின் விளிம்பைத் தொடர்ந்து கீழே இறங்கும், தண்ணீர் ஏறினால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும். தண்ணீர் நிறைந்திருந்தால் மீன் பரந்து போய்விடும், வலைக்கு அகப்படுவது குறையும் என்பார்கள். ஆக, அணை நிரம்பியது என்று டெல்டாவில் பூத்தூவிக் கொண்டாடும் அதே நாளில் இங்கே ஒருவர் வெறும் வலையை உதறிக்கொண்டிருக்கலாம். இந்த முரண்தான் இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த விஷயம். இரண்டையும் அடுத்தடுத்து வைக்க முடிந்தால் விளக்கமே வேண்டாம்.

நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலை காட்டும். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அவை. அந்த நாட்களில் கேமராக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். நீங்களும் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நந்தியைக் கடந்து தினமும் வலை விடப் போகிறவருக்கு அது என்னவாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

குறைந்தது ஒரு முழுச் சுற்று, அதாவது தண்ணீர் ஏறி இறங்கி மறுபடி ஏறும் வரை, இந்த வேலை ஓடும் என்று திட்டமிடுங்கள்.

யாரிடம் கேட்க வேண்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் முதலில் ஊராட்சித் தலைவர், ஊர்ப் பெரியவர்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதன் பொறுப்பாளர்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர், இல்லாதவர் என்று கரையில் இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். இல்லாதவரின் முகத்தை வலையோடு சேர்த்து வெளியிட்டால் அவருக்குத்தான் வம்பு. யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதையும் இணையத்தில் போடாதீர்கள்.

ஒகேனக்கல்லைச் சுற்றிய காடுகளில் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வனஉயிரினச் சரணாலயங்கள் இருக்கின்றன. முதலாவது 2014இலும் இரண்டாவது 2022இலும் அறிவிக்கப்பட்டவை. அந்த எல்லைக்குள் படமெடுக்க 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் ‘வாங்க தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொன்னாலும் போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவீர்கள், அவர் அதே காட்டோரத்தில் அதே வனக்காவலர் கண்ணில் தினமும் பட வேண்டும். அணைக்கட்டு, மதகு பக்கம் படமெடுக்க நீர்வளத் துறையின் ஒப்புதல் இல்லாமல் கேமராவைத் தூக்க வேண்டாம். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விதி ஒருபுறம் இருக்கட்டும், மேலே ரீங்காரமிட்டுச் சுற்றும் ஒன்றைப் பார்த்து யாரும் உங்களோடு மனம் விட்டுப் பேசப்போவதில்லை.

கரையில் உட்காருவது

கேமராவே இல்லாமல் போய்ப் பழகுங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெறுங்கையோடு வந்து அண்ணா, அக்கா என்று பழகிவிட்டு, ஒருநாள் திடீரென்று பையிலிருந்து கேமராவை எடுத்தால், இத்தனை நாள் இதற்காகத்தான் வந்தானா என்று தோன்றும். முதல் நாளே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போங்கள். ஆனால் எடுக்க அவசரப்படாதீர்கள்.

கேள்விகள் வரும். எந்த ஊரு? யாரு அனுப்பினது? பத்திரிகையா, மீன்வளத் துறையா? படம் எடுத்து என்னா பண்ணப் போற? இதற்கெல்லாம் ஒரே பதிலை எல்லோரிடமும் சொல்லுங்கள். கரையில் ஒருவரிடம் ஒன்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். உங்களால் என்ன செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். படம் வெளியானால் பாலம் வரும், உரிமம் கிடைக்கும், நிவாரணம் வரும் என்ற எதிர்பார்ப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதை வளர விடாதீர்கள்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு தயக்கம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாது. வீரப்பன் தேடுதல் நடந்த காலத்தில் இந்த ஆற்றோர ஊர்கள் அதிரடிப்படையின் கண்காணிப்பில் இருந்தவை. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டதோடு அந்தக் காலம் முடிந்தது. ஆனால் அப்போது இளைஞர்களாக இருந்தவர்கள் இன்றைக்கு ஐம்பது, அறுபது வயதில் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த ஆள் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, படம் எடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டால் அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். நீங்களாக அந்தப் பேச்சை இழுக்காதீர்கள். உங்கள் தொடர் மீனைப் பற்றியது.

முதலில் எடுக்கும் படங்கள் அவர்களுக்கானவையாக இருக்கட்டும். பேரப்பிள்ளையோடு ஒரு படம், குடும்பமாக ஒரு படம், புது வலையோடு ஒரு படம். பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ ஒரு ஸ்டூடியோவில் அச்சுப்போட்டு அடுத்த முறை கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். செல்போனில் அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அச்சுப்போட்ட படம் கைக்குக் கை மாறும், அதைப் பார்த்து நாலு பேர் பேசுவார்கள், அந்தப் பேச்சில்தான் யார் யாருக்கு என்ன முறை என்றே உங்களுக்குத் தெரியவரும்.

அப்புறம் மொழி. தமிழ்தான் பேசுகிறார்கள் என்றாலும் கன்னடமும் தெலுங்கும் வீட்டுக்குள் புழங்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஒரு வலைக்கு, ஒரு மீனுக்கு அவர்கள் சொல்லும் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். புத்தகப் பெயரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

எதை எடுப்பது

தண்ணீரில் நடப்பது ஒருநாள் வேலையில் கொஞ்ச நேரம்தான். சாயங்காலம் வலை விட்டு வருவார்கள், விடியலில் போய் எடுப்பார்கள். மிச்ச நேரமெல்லாம் கரைதான். உங்கள் படங்களிலும் பெரும்பங்கு கரையாக இருக்கட்டும்.

நான் சொல்லும் வழி, மீனைப் பின்தொடர்வது. வலையிலிருந்து தட்டு வரைக்கும் ஒரு கட்லாவோ ஜிலேபியோ எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். வலையிலிருந்து பிரிப்பவர், கூடையில் சுமப்பவர், எடை போடுபவர், விலை சொல்லும் வியாபாரி, ஐஸ் பெட்டியில் அடுக்குபவர், வண்டியில் ஏற்றிப் போகிறவர், சந்தையில் செதில் உரசி அறுத்துக் கொடுக்கும் அக்கா, வாங்கிப்போய்க் குழம்பு வைக்கிறவர். இத்தனை பேரில் வெளியாட்கள் எடுக்கும் படங்களில் வருவது முதலாமவர் மட்டும். எடை போடும் இடத்தில் நில்லுங்கள். தராசைப் பார்க்கும் கண்களை எடுங்கள். வலைக்கும் பரிசலுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால், விலை யார் சொல்வது என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடன் என்பதை நேரடியாகப் படமெடுக்க முடியாது. கணக்கு நோட்டு, அதைப் பிடித்திருக்கும் கை, எதிரே நிற்பவரின் நிற்கும் விதம் இவற்றில்தான் அது தெரியும். அந்த நோட்டை அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது, மீனை வலையிலிருந்து பிரிக்கும் வேலை. செவுள் வலையில் மீன் தலையை நுழைத்துவிட்டுப் பின்வாங்கும்போது செவுளில் வலையின் இழை மாட்டிக்கொள்ளும். இழுத்தால் மீனும் கிழியும், வலையும் கிழியும். அதனால் இடதுகை மீனின் வயிற்றைத் தாங்க, வலதுகை ஆள்காட்டி விரலின் நகம் கண்ணியை ஒவ்வொன்றாகச் செவுளுக்கு மேலே தள்ளும். ஜிலேபியின் முதுகு முள் குத்தும், கெளுத்தியாக இருந்தால் பக்கத்து முள் இன்னும் மோசம். பல வருடம் இதைச் செய்த விரல்களில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெட்டுக் கோடுகள் இருக்கும். ஈரம் காயாத அந்த விரல்களின் மேல் காலைச் சூரியன் பக்கவாட்டில் விழும் நேரம் ரொம்பக் கொஞ்சம். அதற்குக் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் தலைதான் வரும்.

இன்னொன்று, பரிசலுக்குத் தார் பூசுவது. மூங்கில் பிளாச்சால் பின்னிய கூட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் பிளாஸ்டிக் படுதாவோ சாக்கோ இழுத்துக் கட்டி, மேலே தாரை உருக்கித் தடவுவார்கள். முன்பெல்லாம் தோல் போர்த்தினார்கள். இப்போது பைபர் பரிசல்கள் வந்துவிட்டன. மூங்கில் பின்னத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. தொடரில் ஒரு பின்னல்காரர் இருந்தால் அவருக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று சொல்வது சம்பிரதாயமாகிவிட்டது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பல குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒரே பரிசலில் போவார்கள், ஒருவர் துடுப்பு, ஒருவர் வலை. வீட்டுக்கு வந்த பின்பு ஒருவர் படுத்துவிடுவார், இன்னொருவருக்கு அடுப்பு காத்திருக்கும். இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளும் உண்டு. அங்கே சுவரில் மாட்டிய படமும், பண்டிகைக்கு வரும் பேருந்துமே உங்கள் காட்சி. ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்கள் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று பாருங்கள்.

கடல் மீனவர்களைப் பற்றிப் படித்ததை இங்கே கொண்டுவந்து பொருத்தாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கும் மீன்பிடித் தடைக்காலம் கடலுக்கானது. இங்கே ஓய்வும் நெருக்கடியும் வேறு கணக்கில் வருகின்றன.

கருவி, வெளிச்சம், பாதுகாப்பு

ஒரு கேமரா, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, அவ்வளவு போதும். நல்ல செல்போனும் போதும். நீளமான டெலி லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது தூரத்திலிருந்து திருடும் பழக்கத்தைக் கொடுக்கும். விடியற்காலையில் வெளிச்சம் போதாது. எஃப் 2 அளவு, அதாவது வாய் அகலமாகத் திறக்கும் லென்ஸ் இருந்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 125இல் ஒரு பங்கு என்று தொடங்கிப் பாருங்கள். வீச்சு வலை காற்றில் விரிவதை உறைய வைக்க நொடியில் 1000இல் ஒரு பங்காவது வேண்டும்.

தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி கேமராவின் ஒளி அளவீட்டை ஏமாற்றும். தண்ணீர் பளபளக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகம் கரியாகிவிடும். முகத்துக்கு ஒளி அளவு வையுங்கள், தண்ணீர் வெளுத்துப் போனால் போகட்டும். செல்போனில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் அளவு நின்றுவிடும். அதைவிட நல்லது, சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி இடம் மாறி உட்காருவது. எங்கள் பக்கத்து மனிதர்களின் நிறத்தைப் பிறகு கணினியில் வெளுக்க வைக்காதீர்கள், தயவுசெய்து.

பரிசலில் ஏறும்போது விளிம்பில் கால் வைக்கக்கூடாது, நடுவில் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும். துடுப்புப் போடுகிறவருக்கு எதிரே உட்காருங்கள், எடை சமமாகும். பரிசல் சுழலும், அதனால் நீங்கள் திட்டமிட்ட பின்னணி ஒரு நொடியில் போய்விடும். கேமராவைக் கண்ணில் வைத்தபடி எழுந்து நிற்காதீர்கள். உயிர்காக்கும் கவச உடை கட்டாயம். அவர்கள் போடவில்லையே என்று நீங்களும் கழற்றிவைக்க வேண்டாம். அவர்களுக்கு நீந்தத் தெரியும், உங்கள் பையில் இருக்கும் லென்ஸுக்கு மூழ்கத்தான் தெரியும். தண்ணீர் புகாத பை ஒன்று, துடைக்கப் பழைய பருத்தித் துணி. காவிரியில் ஒகேனக்கல் பக்கம் முதலைகள் உண்டு, எடுப்பான கோணத்துக்காக ஆற்றில் இறங்கி நிற்காதீர்கள்.

பணம் பற்றி ஒரு பேச்சு. போஸ் கொடுப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள், நாளைக்கு ஊரே போஸ் கொடுக்கும். ஆனால் ஒருவருடைய பரிசலில் நீங்கள் ஏறினால் அவர் ஏற்றவேண்டிய வலையும் மீனும் உங்கள் எடையளவுக்குக் குறையும். அந்தக் காலை நேரத்துக்கு வாடகை பேசிக் கொடுத்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறு.

எழுதி வைப்பது

படம் எடுத்த அன்று இரவே குறிப்பு எழுதுங்கள். யார், என்ன செய்கிறார், எந்த இடம், என்ன தேதி, அன்றைக்கு நீர்மட்டம் எவ்வளவு. கடைசி விவரத்தை வேறு யாரும் எழுத மாட்டார்கள். தொடர் முடியும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த எண்ணை மட்டும் போட்டாலே ஒரு ஒழுங்கு வந்துவிடும்: 118 அடி, 97 அடி, 61 அடி.

பெயரை அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். வெளியிடும்போது உண்மைப் பெயர் வேண்டாம் என்றால் அதையும் அங்கேயே குறியுங்கள். காற்றுச் சத்தம் குறைவாக இருக்கும் இடத்தில் அவர்களிடம் கேட்டுவிட்டு அவர்கள் பேச்சைச் செல்போனில் பதிவு செய்யுங்கள், பிறகு தலைப்பு எழுத அதைவிட நல்ல உதவி கிடையாது. ‘இன்னொரு தடவை வலையை வீசுங்கண்ணா’ என்று கேட்டு எடுத்த படத்தை அப்படித்தான் எடுத்தது என்று குறிப்பில் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தப் படத்தைத் தொடரில் சேர்க்காதீர்கள்.

கோப்புகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வேறு கருவிகளில், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கழித்தல்

ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றிலிருந்து இருபது, இருபத்தைந்து படங்களுக்கு வருவதுதான் இந்த வேலையிலேயே சிரமமான பகுதி. சின்ன அளவில் மலிவாக அச்சுப்போட்டு வீட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் பார்க்கும்போது ஒவ்வொரு படமும் தனியாக மினுக்கும். தரையில் பரப்பினால்தான் ஒன்று இன்னொன்றைத் திரும்பச் சொல்வது தெரியும். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டில் அழகானதைக் கழித்துவிட்டு விவரம் கூடியதை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளியாட்களுக்குக் காட்டுவதற்கு முன்னால் அதே அச்சுகளைக் கரைக்கு எடுத்துப் போங்கள். ‘இது யாரு எடை போடறது, இவரு இப்ப வர்றதில்லையே’ என்று திருத்தங்கள் வரும். ‘இந்தப் படத்துல என் வீட்டுக் கூரை ஓட்டை தெரியுது, வேண்டாம்’ என்றும் வரும். வேண்டாம் என்றதை எடுத்து ஓரமாக வையுங்கள். விவாதம் செய்யாதீர்கள்.

வெளியிடுவதும் திரும்பப் பெறுவதும்

ஊரிலேயே முதல் கண்காட்சி வையுங்கள். படகுத்துறையில் ஒரு கயிறு கட்டிக் கிளிப் மாட்டினால் போதும், காத்திருக்கிறவர்கள் பார்ப்பார்கள். அப்புறம் பள்ளிக்கூடம், தர்மபுரி நூலகம், இதழ்கள். 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியன்னாலே போன்ற புகைப்பட விழாக்களும் இருக்கின்றன. மதுரையைச் சேர்ந்த பழனிக்குமார் மீன் விற்கும் தன் அம்மாவில் தொடங்கி, உழைக்கும் மக்களைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடர் கிடைக்கும் என்பதற்கு அவர் வேலையைப் பார்க்கலாம்.

காப்புரிமைச் சட்டப்படி படம் உங்களுடையது. ஆனால் முகம் அவர்களுடையது, இதைச் சட்டம் முழுக்கச் சொல்லிவிடாது. ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைக் கழிவில் வந்த பாதரசம் மீன் வழியாக மக்களைப் பாதித்ததை அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித் 1971 முதல் மூன்றாண்டுகள் அங்கேயே குடியிருந்து, மனைவி ஐலீனோடு சேர்ந்து ஆவணப்படுத்தினார். அதில் பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் படம் உலகம் முழுக்கப் போனது. மகள் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். உரிமை வைத்திருந்த ஐலீன் ஸ்மித் 1990களின் இறுதியில் அந்தப் படத்தைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய படத்துக்கே அப்படி ஒரு முடிவு எடுக்க முடிந்தது என்றால் நம் படங்களுக்கு எடுக்க முடியாதா என்ன?

அதனால் முதலிலேயே வழி செய்துவையுங்கள். தொடரில் இருக்கும் ஒவ்வொருவருடைய செல்பேசி எண்ணும், அவருக்குப் பக்கத்து வீட்டார் எண் ஒன்றும் உங்களிடம் இருக்க வேண்டும், உங்கள் எண் அவர்களிடம் இருக்க வேண்டும். எண் மாற்றினால் போய்ச் சொல்லுங்கள். இதழுக்குக் கொடுக்கும்போது எந்தெந்தப் படம் எங்கே போனது என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள், நீக்கச் சொன்னால் எங்கே கேட்பது என்று தெரியும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் படத்துக்குப் பெற்றோர் சரி சொன்னாலும், அவர்கள் வளர்ந்த பிறகு ஒருமுறை அவர்களிடமே கேளுங்கள். தொடர் முடிந்ததும் முழுத் தொகுப்பின் ஒரு பிரதியைப் பெயர், தேதி, நீர்மட்டக் குறிப்போடு ஊர்ப் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ கொடுத்துவிடுங்கள். பென்டிரைவ் தொலையும், ஆகவே அச்சுப்போட்ட தொகுப்பு ஒன்றும் சேர்த்து.